நல்லரத்தினம் கூட்டின கூட்டம்

"பொம்புள ஓட்டுற பஸ்ஸில என்ட புள்ளைய ஏத்த ஏலா. அவ்வளவுதான் கதை."

நல்லரத்தினம் தன் வீட்டு ஹோலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருந்தார். தன்னாமுனையிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிற தாய் தகப்பன்மார் மாபிள் தரையில் இருந்தார்கள். மாபிள் எல்லாம் குவைத் காசு. மனைவி கம்சாயினி அங்கே பெரிய ஆபீஸில் சூப்பர்வைசர் என்று கேட்டவருக்கும் சொல்வார், கேளாதவருக்கும் சொல்வார்.

வாசலோரம் பிரஷாந்தி நின்றாள். கார்மென்ட்ஸ் வேலையை விட்டு, லைசன்ஸ் எடுத்து, ஸ்கூல் பஸ் ஓட்டத் தொடங்கி ஒரு கிழமைதான். இவர்கள் பிள்ளைகளை நிறுத்தினால் அவளுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

"நான் என்ன பிழை விட்டன் அண்ணன்? எங்கயும் இடிச்சனா, பிந்தி வந்தனா?"

"இடிக்கிறதுக்கு முதல்தானே கதைக்கிறம். எதிர்ல லொறி வந்தா நீ ஸ்டியரிங்க விட்டிட்டுக் கண்ணப் பொத்துவாய்."

தகப்பன்மாரில் ஒருத்தனான ரதீஸ் சிரித்தான். போன மாதம் மோட்டார்சைக்கிளோடு வாய்க்காலுக்குள் கிடந்தவன். அவனுக்கும் சிரிப்பு.

"மறுகா," என்று நல்லரத்தினம் தொடர்ந்தார், "மானம் எண்டு ஒண்டு இருக்கு. ஊரான் புள்ளைகள ஏத்தி இறக்கிறது குடும்பப் பொம்புளைக்கு ஏத்த தொழிலா? என்ட பொஞ்சாதி எண்டா கால முறிச்சிருப்பன்."

தாய்மாருக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"அப்ப நாளையிலிருந்து ஆரும் அனுப்புறதில்ல. கைய உயர்த்துங்க."

கைகள் ஒவ்வொன்றாக எழும்பின. பிரஷாந்தி பஸ் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் போன் அடித்தது. கம்சாயினி, வீடியோ கோல். ஞாயிற்றுக்கிழமைதானே, அறையில் இருப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ, சத்தத்தைக் கூட்டி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். பெருமை சும்மா விடுமா?

கம்சாயினியின் தோளில் பெல்ட் இருந்தது. முன்னால் ஸ்டியரிங்.

"கெதியாச் சொல்லிட்டு வைக்கிறன். இஞ்ச ஞாயிறும் பள்ளிக்கூடம்தானே, முதலாளிட புள்ளைகள ஏத்த வாசல்ல நிக்கிறன். நம்மட ஊரில பிரஷாந்தி பஸ் ஓட்டுறாளாம். மகள அதிலயே அனுப்புங்க. இஞ்ச நான் பாக்கிற அதே வேலைதானே, நம்பி அனுப்பலாம்."

ஹோலில் உயர்ந்திருந்த கைகள் எல்லாம் இறங்கிவிட்டன. நல்லரத்தினத்தின் கை மட்டும் போனோடு மேலேயே நின்றது.