முழங்கை அகலம்

"சும்மா நின்னு வேடிக்கை பார்த்தா ஒண்ணும் தெரியாது. எல்லாரும் உள்ள வந்து படுங்க" என்றாள் மிலிமோவின் அம்மா.

சோமா நகரக் கடைத்தெருவில், கூடாரக் கடைக்குப் பின்னாலிருந்த மண் முற்றத்தில் இரண்டு கூடாரங்களைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒன்று கெட்டிக் கித்தான். இன்னொன்று நைலான். நைலான் பெரியதுதான், ஆனால் விரல் பட்டாலே சலசலத்தது.

ஆகஸ்டில் சபையின் முகாம். ஒரு வாரம் முழுக்க பெண்கள் குழுவுக்கு ஒரே கூடாரம்தான் வீடு. அதை வாங்கத்தான் வந்திருந்தார்கள்.

"நைலான்ல இன்னும் நாலு பேர் படுக்கலாமே" என்று யாரோ இழுத்தார்கள்.

"போன வருஷம் நைலான்ல பட்டது போதாதா? கடைசி ராத்திரி காத்து வந்து மொத்தத்தையும் தூக்கிட்டுப் போச்சே! போதகர் டார்ச்சோட ஓடி வந்து நம்மளை எந்தக் கோலத்துல பார்த்தாரு, மறந்துட்டீங்களா?" என்றாள் மிலிமோவின் அம்மா.

பெண்கள் சிரித்துக்கொண்டே கித்தானுக்குள் புகுந்தார்கள். பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த சித்தெங்கேத் துணிகளை அவிழ்த்துத் தரையில் விரித்து, காயப்போட்ட கருவாடு மாதிரி வரிசையாகப் படுத்தார்கள்.

பிரிஸ்கா கடைசியாக, ஓரத்தில் படுத்தாள்.

ஒருத்தி மட்டும் இன்னும் வரவில்லை. லுயாண்டோவின் அம்மா. பஸ் கிடைத்திருக்காது.

லுயாண்டோ செத்து இரண்டு வருடமாகியும் அவள் லுயாண்டோவின் அம்மாதான். பிள்ளையில்லாத பிரிஸ்காவைத்தான் பிரிஸ்கா என்றே கூப்பிட்டார்கள்.

லுயாண்டோவை ஆற்றுக்கு அனுப்பியது பிரிஸ்கா. இரண்டு வருடத்துக்கு முந்தின முகாமில் அன்றைக்கு அவளுக்குச் சமையல் முறை. அத்தை அத்தை என்று காலையே சுற்றிக்கொண்டிருந்த பெண்ணை, களிக்குத் தண்ணீர் போதவில்லை, ஓடு என்று விரட்டினாள்.

மஞ்சள் கேன் மட்டும் கரையோரம் கிடந்தது. முதலை என்றார்கள்.

அடுத்த ஓய்வுநாளே லுயாண்டோவின் அம்மா சபை நடுவில் எழுந்து வந்து பிரிஸ்காவைக் கட்டிக்கொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். சபையே அழுதது.

ஆனால் போன வருட முகாமில் அவள் தன் பாயைக் கொண்டுவந்து பிரிஸ்காவின் பாயோடு ஒட்டிப் போட்டாள். எத்தனையோ இடமிருந்தும் அங்கேதான் போட்டாள்.

ஒவ்வொரு ராத்திரியும் பிரிஸ்காவுக்குத் திடுக்கென்று விழிப்பு வரும். கண்ணைத் திறந்தால் ஒரு சாண் தள்ளி அந்த முகம். தூங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கண்கள்.

ஒரு வார்த்தை பேசமாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். பகலில் மன்னித்தவள் ராத்திரியில் கணக்குக் கேட்கிறாள் என்று பிரிஸ்காவுக்குப் புரிந்தது. கேட்க அவளுக்கு உரிமையும் உண்டு. ஆனால் இன்னொரு வாரம் அந்தக் கண்களுக்குப் பக்கத்தில் படுக்கத் தன்னால் ஆகாது.

"பிரிஸ்கா, உன் பக்கத்துல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் தேறுமா பாரு" என்று அந்தக் கோடியிலிருந்து மிலிமோவின் அம்மா கேட்டாள்.

பிரிஸ்காவுக்கும் கித்தான் சுவருக்கும் நடுவே இடம் இருந்தது. ஒல்லியான ஒருத்தி தாராளமாகப் படுக்கலாம்.

பிரிஸ்கா மூச்சை இழுத்துக்கொண்டாள். முழங்கையை மெல்ல அகட்டினாள். முழங்காலையும் மடக்கிச் சுவரில் முட்டுக் கொடுத்தாள்.

"இல்லக்கா. நெருக்கிப் படுத்தாலும் தேறாது."

"எப்படித் தேறும்? நீங்க ஒரு ஆளே ரெண்டு ஆளு இடத்தை அடைச்சுக்கிட்டா!" என்று ஒருத்தி மிலிமோவின் அம்மாவைச் சீண்ட, கூடாரமே குலுங்கிச் சிரித்தது. யாரும் எழுந்து வந்து பார்க்கவில்லை.

முழங்கையை எடுத்துவிடலாம். இப்போதுகூட எடுத்துவிடலாம். பிரிஸ்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் துணியை விலக்கிக்கொண்டு லுயாண்டோவின் அம்மா குனிந்து எட்டிப் பார்த்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

மிலிமோவின் அம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். கித்தான்தான் உழைக்கும், ஆனால் ஒரு ஆளுக்கு இடம் போதவில்லை.

"அதுக்கென்ன? நான் சமையல் கொட்டகையில படுத்துக்கறேன். கித்தானையே எடுங்க" என்றாள் அவள்.

நிம்மதியோடு பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து, துணியை உதறிச் சுற்றிக்கொண்டு, விலை பேச வெளியே போனார்கள். லுயாண்டோவின் அம்மா உள்ளே வந்து பிரிஸ்காவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

பிரிஸ்கா எழுந்ததும் காலியிடம் அப்பட்டமாகத் தெரிந்தது. லுயாண்டோவின் அம்மா அதைப் பார்த்தாள். பிறகு பிரிஸ்காவைப் பார்த்தாள்.

பிரிஸ்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

லுயாண்டோவின் அம்மா அவளைத் திருப்பி நிறுத்தி முதுகிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். வெளியே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எனக்கு எங்க படுத்தா என்ன? உன்னை நினைச்சாதான் கவலையா இருக்கு. தூக்கத்துல நீ அவ பேரைச் சொல்லி அலறுறே, பிரிஸ்கா. தண்ணிக்குப் போகாதே, திரும்பி வான்னு. போன முகாம்ல தினமும். மத்தவங்க காதுல விழறதுக்குள்ள நான்தான் உலுக்கி எழுப்புவேன். நீ மறுபடி தூங்கற வரைக்கும் பார்த்துக்கிட்டே கிடப்பேன். நான் பக்கத்துல இல்லேன்னா உன்னை யாரு எழுப்புவா?"