நாலாவது மூச்சு

ஞாயிறு பூசை முடிந்ததும் ஷைஜுவின் வீட்டு மாடியில் எங்கள் விண்வெளி விளையாட்டு நடக்கும். காகிதத்தில் வரைந்த கப்பல், ஒரு பகடை, நாலு பயணிகள். கண்ணாடிக் குப்பியில் கிடக்கும் புளியங்கொட்டைகள்தான் கப்பலின் காற்று. வாரம் ஆளுக்கொன்று எடுத்துவிட வேண்டும்; தீர்ந்தால் எல்லோரும் சாவோம்.

கப்பலை ஓட்டுபவன் என் அண்ணன் ஜெஃப்ரின். ஒக்கிப் புயலன்று ஆழ்கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவன், திரும்பவில்லை.

“ஏட்டி சிந்தியா, இனி அவனுக்கும் சேத்து எடுக்கணுமா?” என்றான் ஷைஜு. “நாம சீக்கிரம் செத்துருவோம்.”

“நீ செத்தா எங்களுக்குக் காத்து மிச்சமாக்கும்,” என்றாள் அவன் தங்கை அபினா.

மூன்றே எடுத்தோம். மிச்சத்தை எண்ணி, குப்பியை அபினா தன் பீரோவில் பூட்டினாள். அடுத்த ஞாயிறு ஒன்று குறைந்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறும்.

“எலியாட்டு இருக்கும்,” என்றான் ஷைஜு.

“மூடி திறக்க எலிக்குக் கையா இருக்கு?”

பிறகு யாரும் காரணம் தேடவில்லை. ஆறு மாதம், அண்ணன் பங்கான அந்த ஒரு கொட்டை குறைவதற்காகவே நான் வாரத்தைக் கடத்தினேன்.

போன ஞாயிறு எதுவும் குறையவில்லை. ஷைஜு மறுபடியும் எண்ணினான். அபினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, அண்ணனுக்கு இறந்தோர் பூசை வைக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.