மூன்றாம் மாடிக் கேசரோல்

சூடான கண்ணாடிப் பாத்திரத்தைத் துண்டால் பிடித்துக்கொண்டு, மூன்றாம் மாடியில் சிவரூபி வீட்டு மணியை முழங்கையால் அழுத்தினேன்.

பாத்திரம் அவளுடையது. ஏழு மாதமாக என் வீட்டில் கிடந்தது. உள்ளே இருப்பது நான் செய்த கேசரோல்.

எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது, இதில்தான் செய்து கீழே கொடுத்தனுப்பினாள். அதுவரை எங்கள் வீட்டில் கேசரோல் என்றால் சப்பாத்தி ஆறாமல் வைக்கிற டப்பா. இது வேறு. உருளைக்கிழங்கு, காலிஃப்ளவர், வெள்ளை சாஸ், மேலே சீஸ், ஓவனில் முக்கால் மணி நேரம். பெரிய வித்தையா என்ன? கூட்டுக்குக் கோட்டு மாட்டிவிட்டது மாதிரி.

அதைத்தான் என் மகள் சுஷ்மிதா வழித்து வழித்துத் தின்றாள். என் வீட்டுக்காரர் முரளிதரன், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் சமையலுக்கு 'ம்' என்பதைத் தாண்டி வாய் திறக்காத மனுஷன், இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் தையலோடு படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. தையலால் இல்லை.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கேசரியோ வடையோ வைத்துக் கொடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. அவள் செய்ததையே அவளைவிட நன்றாகச் செய்ய வேண்டும். நன்றாக இருக்கிறது என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இவளோ, குவைத்தின் மங்காஃபில் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்த அன்று நான் வத்தக்குழம்பு கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கை இன்னும் தரவில்லை. ஒன்றரை வருஷம். யாழ்ப்பாணத்தில் திருப்பித் தருகிற வழக்கமே கிடையாது போலிருக்கிறது.

நான்கு தடவை கேசரோல் செய்தேன். நான்கு தடவையும் சுஷ்மிதா, "ஓகேம்மா, பட் ஆன்ட்டி பண்ணது மாதிரி இல்ல" என்றாள். இன்று ஐந்தாவது. அவளுக்கென்று தனியாகக் கிண்ணத்தில் வைத்ததைக் காலி செய்துவிட்டு, ஆன்ட்டியுடையதைவிட இதுதான் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாள். பெரிய பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன்.

கதவு திறந்தது. அக்கா என்று கூப்பிட்டு அடுப்படிக்கே கூட்டிப்போனாள்.

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. சீஸ்தான் கொஞ்சம் கூடிட்டுது போல."

சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி எடுத்தாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஏழு மாதம். போகிறேன் என்று திரும்பினேன்.

"நில்லுங்கோ அக்கா," என்று பிரிட்ஜைத் திறந்தாள்.

உள்ளே என் தூக்கு இருந்தது. நிறைய வத்தக்குழம்பு.

வெறும் பாத்திரமாகத் தரக் கூடாதே என்று என் குழம்பு மாதிரியே திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒவ்வொரு தடவையும் அவள் கணவன் சஜீவன், கீழ் வீட்டு அக்காவின் ருசி வரவில்லை என்று சொல்லிவிடுவானாம். நேற்றுத்தான் வாயை மூடிக்கொண்டு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டானாம். நாளைக்குக் கொண்டுவந்து தரலாம் என்று இருந்தாளாம்.

கொஞ்சம் சூடாக்கி என் உள்ளங்கையில் ஒரு சுண்டைக்காயோடு ஒரு சொட்டு விட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நக்கிப் பார்த்தேன். சுண்டைக்காய் பக்குவமாக வறுபட்டிருந்தது. நல்லெண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ரொம்பவே நன்றாக இருந்தது.

"நல்லாருக்கு சிவரூபி," என்றேன். "புளிதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

அவள் முகம் விழுந்தது. நான் இன்னொரு சொட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. என் கேசரோலில் சீஸ் சரியாகத்தான் இருந்திருக்கிறது.