பத்து நிமிட நிழல்

"மறுபடியும் முப்பத்தஞ்சுலயே நின்னுருச்சு" என்று உதட்டைப் பிதுக்கினான், கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய வந்திருந்த பாலகுரு. திரையில் சிவப்பு எழுத்துகள்: அனுமதி இல்லை.

ஆலை ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் வேல்விழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆமத்தூர்ப் பொட்டலில் வெயில் தண்ணீராக நெளிந்தது. பட்டாசு ஷெட்டுகள் அதில் மெல்ல மிதந்தன. அவற்றில் ஒன்றில் அம்மா குருவம்மாள் மருந்து செலுத்திக்கொண்டிருப்பாள், விரலெல்லாம் வெள்ளியாக.

"கம்ப்யூட்டருக்குள்ள மறைவா ஓடுற சர்வீஸ் எல்லாத்தையும் இந்த ஸ்கிரிப்ட் பட்டியல் போட்டுரும். தேவையில்லாததை அழிச்சிட்டு வான்னு முதலாளி உத்தரவு. போன மாசம் வைரஸ் வந்துச்சாமே?" என்றான் பாலகுரு.

"ஆமா சார்."

முப்பத்தைந்தாவது எதுவென்று அவளுக்குத் தெரியும். அவளே எழுதியது. பெயர் 'நிழல்'. தினமும் பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளும்; சாப்பாட்டு வேளையில் சத்தமில்லாமல் திருப்பி வைக்கும். ஆலைச் சங்கு ஊதுவது அந்தக் கம்ப்யூட்டர் சொல்லித்தான். போன சித்திரையில், மத்தியானச் சங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அம்மா ஷெட்டுக்குள் சுருண்டு விழுந்தாள். மறுநாளே வேல்விழி அதை எழுதிவிட்டாள்.

பட்டியலில் அது வந்தால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. அம்மாவோடு அறுபது பெண்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் போய்விடும்.

ஆனால் அவள் அதைப் பூட்டவில்லை. பூட்டவும் தெரியாது. யாரோ கதவுக்கு முதுகு கொடுத்து நிற்பதுபோல் அது திறக்க மறுத்தது. கனவு காண்கிறோமோ என்று இருந்தது அவளுக்கு.

"அட்மின் பாஸ்வேர்டு சொல்லுங்க."

சொன்னாள். ஓட்டினான். முப்பத்தைந்தில் மறுபடியும் சிவப்பு.

சங்கு ஊதியது.

"அதுக்குள்ள பன்னெண்டா!" என்றான் பாலகுரு.

வாசலில் நின்ற மானேஜர் சங்கையா, வழக்கம்போலக் கைக்கடிகாரத்தின் திருகைப் பிடித்து முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார். "மெசினு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்!" என்று ஆலைக்கே கேட்கும்படி தினமும் சொல்வார். செல்போன்களைத் தீப்பெட்டியோடு கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவதால், அவர் கடிகாரம்தான் எல்லோருக்கும் மணி. பாவம், மனுசனை இப்படி ஏமாற்றுகிறோமே என்று வேல்விழிக்கு மனசு உறுத்தும்.

"பிடிச்சிட்டேன்!" பாலகுரு நிமிர்ந்தான். "இதைத் தனியா ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கு. பூட்டின ஆள் பேரு... சங்கையா."

வேல்விழி சட்டென்று வாசலைப் பார்த்தாள்.

"நாந்தான் தம்பி" என்றபடி உள்ளே வந்தார் சங்கையா. "வைரஸ் எடுக்க வந்தவருகிட்டச் சொல்லிப் பூட்டி வச்சேன். சங்கு ஊதுத சமாச்சாரம், யாரும் கை வச்சிரக் கூடாதுல்லா? 'கண்டிப்பாத் தேவை'ன்னு எழுதிக்கிட்டு, போயிச் சாப்பிடுங்க."

எழுதிக்கொண்டு பாலகுரு வெளியே போனான். வேப்ப மர நிழலில் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். குருவம்மாள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி... ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?" வேல்விழி மெல்லக் கேட்டாள்.

சங்கையா அவளைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்தார்.

"தெரியாம என்ன தாயி? சங்கு ஊதுனதும் கடியாரத்தப் பத்து நிமிசம் முன்னால தள்ளுதேன், சாப்பிட்டுக் கை கழுவுனதும் பின்னால திருப்புதேன். இந்த ஒரு வருசத்துல ரெண்டு தடவ திருகு தேஞ்சு மாத்திட்டேன்!"