எதிர் வீட்டுச் சிவப்பு

வசந்தம் வந்தால் ஓடையிலுள்ள ஆண் முள்மீனின் வயிறு செர்ரிப் பழமாகச் சிவக்கும். அந்த ஊரில் அதை முதன்முதலில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தவர் அம்ப்ரோஜியின் அப்பா. ஆனால் இந்த ஆண்டு ஊரே எதிர் வீட்டுத் திமோனின் சன்னலில் இருந்த தொட்டியைப் பார்க்கக் கூடியது. அவன் மீனும் அம்ப்ரோஜியின் மீனும் ஒரே ஓடையில், ஒரே நாளில் பிடித்தவைதான். திமோனின் மீன் தகதகத்தது. அம்ப்ரோஜியின் மீன் சாம்பலாகக் கிடந்தது.

"அங்கேயே பாக்காதீங்க. முகமெல்லாம் சிவக்குது," என்றாள் மனைவி கசிமியெரா.

"எங்கப்பா பேரே போகுது. நீ முகத்தைப் பத்திப் பேசுற."

பொறுக்க மாட்டாமல் அவர் ஒரு சாக்கோடு தெருவைக் கடந்தார். "தம்பி, உன் மீன் சோர்ந்திருக்கு. நான் வச்சுத் தேத்துறேன். அதுவரைக்கும் என்னோடதை நீ வச்சுக்கோ."

திமோன் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டான்.

ஒரு வாரத்தில், வந்த மீன் வெளுத்தது. போன மீன் எதிர்ச் சன்னலில் நெருப்பாய் எரிந்தது.

அம்ப்ரோஜி மறுபடி அவன் வாசலில் போய் நின்றார். "தீனியில என்னடா சாயம் கலக்குற?"

"சாயமெல்லாம் இல்ல பெரியவரே. தொட்டிக்குப் பின்னால பாருங்க."

அங்கே ஒரு சவரக் கண்ணாடி சாய்ந்திருந்தது.

"எதிர்ல இன்னொரு ஆண் நிக்குதுன்னு நினைச்சுக்குது. அந்த வயித்தெரிச்சல்லதான் இப்படிச் சிவக்குது."

வீடு திரும்பிய அம்ப்ரோஜி, நடந்ததை மனைவியிடம் சொல்லிக்கொண்டே தம் சவரக் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றினார்.

கசிமியெரா அதை வாங்கி, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"மீனாவது நிம்மதியா இருக்கட்டும். எதிர் வீட்டைப் பாத்துச் சிவக்க இந்த வீட்டுல நீங்க ஒருத்தர் போதும்."