தட்டை நீட்டிய கை

பெனின் நகரப் பெரியவர்களில் ஒருவரான சீஃப் ஒசாகியே கண்காட்சியில் ஒரு மர அச்சுப் படத்தின் முன்னால் நின்று கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"என்னப்பா இயோபோசா, செத்துப்போன உங்கப்பாவை இடது கையால கோலா கொட்டைத் தட்டை நீட்ட வச்சிருக்கே? பெனின்ல எவனாவது விருந்தாளிக்கு இப்படிக் குடுப்பானா?"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இயோபோசாவின் நாற்பது வருட வேலை அந்தச் சுவர்களில் தொங்கியது. மரத்தில் செதுக்கி அச்சிட்டவை, துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரித்தவை, மணி கோத்தவை. அவற்றை யார் என்ன சொன்னாலும் அவருக்குக் கவலையில்லை. இந்த ஒரு படம் மட்டும் கண்காட்சியின் கடைசி நாள்வரை சுவரில் இருக்க வேண்டும். அப்பாவை அவர் செதுக்கியது இது ஒன்றுதான்.

கல்லூரியில் அவரோடு பாடம் நடத்திய ஒமோருயி முந்திக்கொண்டார்.

"பலகையில வலது கையாத்தான் வெட்டியிருப்பான் ஐயா. அச்சுல இடம் வலம் மாறி விழும்ல, மறந்துட்டான். முதல் வருஷப் பசங்க பண்ற தப்பு. அதுக்கு முப்பது வருஷமா மார்க்கைக் குறைச்சவனே இவன்தான்!"

கூடமே சிரித்தது. பழைய மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இயோபோசாவுக்குக் காது சுட்டது. சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

பவள மாலை போட்ட பெரிய மனிதர்கள் பத்துப் பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா ஐயா," அவரும் சிரித்தார். "மறந்துதான் போச்சு. மன்னிச்சுக்கணும். இப்பவே கழட்டச் சொல்றேன்."

ஏணி வந்தது. படம் இறங்கியது. சுவரோரம் முகத்தைத் திருப்பி வைத்தார்கள். கூட்டம் அடுத்த படத்துக்கு நகர்ந்தது.

அவர் மறக்கவில்லை. தாளில் இடது கையாக விழ வேண்டும் என்றே பலகையில் வலது கையாக வெட்டியிருந்தார்.

சொந்த ஊரான சபேலேயில் மரம் அறுக்கும் இடத்தில் அப்பாவின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. பெனினில் யாருக்கும் இது தெரியாது. இங்கே வந்து கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து இயோபோசா ஒருவரிடமும் சொன்னதில்லை. அப்பாவை இங்கே கூட்டிவந்ததும் இல்லை.

கை போன பிறகு அப்பா இருபத்தாறு வருடம் இருந்தார். யாருக்கு எதை நீட்டினாலும், "இடது கைக்கு மன்னிக்கணும்" என்று தலைகுனிந்து சொல்லிவிட்டுத்தான் நீட்டுவார்.

ஒரு தடவையாவது அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் ஒரு தட்டை நீட்டட்டும் என்றுதான் இயோபோசா அந்தப் பலகையைச் செதுக்க எடுத்தார்.