ராகம் நின்றால்

“நாளைக்கு அப்பாவுக்கு வருச நினைவு ஆராதனை. அதுக்குள்ள இந்தக் கருமத்த அழிச்சிரு. இது ஒன் வேலைன்னு சித்தப்பாட்ட நீயா சொல்லுதியா, இல்ல நான் சொல்லட்டா?”

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த களைப்புகூட இன்னும் தீரவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்வீட்லின் ஆரம்பித்துவிட்டாள். இவளுக்கு அந்தப் பேரை வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாம்.

எதிரே தம்பி பெனோ. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து பிழைக்கிறவன். முப்பத்திரண்டு வயதாகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றான். திமிர் என்று நினைத்தாள்.

போன மாதம் அவன் வெளியிட்ட விளையாட்டில் பேய் கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு காலி வீடு. சாயங்காலம் ஆறே முக்கால். உங்கள் கையில் முள் வளைந்துபோன ஒரு மை பேனா. ஏழு மணி குடும்ப ஜெபத்துக்குள் யார் கண்ணிலும் படாமல் அதைக் கொண்டுபோய் மேசை டிராயரில் வைத்துவிட வேண்டும்.

அவ்வளவுதான். வீட்டுக்குள் எங்கோ ஒரு குரல் ஞானப்பாட்டு ராகம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அது கேட்கிற வரைக்கும் பயமில்லை. நின்றுவிட்டால் உங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். திரை இருண்டுவிடும். மறுபடியும் கொல்லை வாசலில் இருந்து தொடங்க வேண்டும்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஆனால் அவளிடம் படிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, அந்த ராகம் நின்றால் கண்ண மூடிக்கிடுதோம் டீச்சர் என்றார்கள்.

அதுகூடப் போகட்டும். அந்தச் சிவப்புத் தரையையும் பச்சை பீரோவையும் பார்த்த சொந்தக்காரர்கள், இது நம்ம கிருபைராஜ் சார் வீடுல்லா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நாற்பது வருஷம் வாத்தியாராக இருந்த மனிதர், சபையில் மூப்பர். பெற்ற அப்பாவைப் பூச்சாண்டி ஆக்கிக் காசு பார்க்கிறான். நாளைக்கு ஆராதனையில் அத்தனை பேர் முகத்திலும் எப்படி முழிப்பது?

“என்னைய ஒரு நாளு கை நீட்டி அடிச்சிருப்பாரா அவரு?”

“அதுல அப்பா இல்லக்கா,” என்றான் பெனோ. “விளையாடிப் பாரு.”

பார்க்கத்தான் போகிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கொல்லைக் கதவு. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொண்டியைத் தூக்கினால்தான் கிரீச்சிடாது. அப்படியே செய்தாள். அடுக்களைப் படியில் இரண்டாவது கல் ஆடும். தாண்டினாள். பீரோவை ஒட்டிப் போகக் கூடாது, அதன் கதவு தானாகத் திறந்து முனகும். சுற்றிப் போனாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. விரல் தானாக நகர்ந்தது.

ராகம் நிற்கவே இல்லை.

அம்மா குரல் என்று நினைத்தாள். அம்மா போய்ப் பத்து வருஷமாகிறது. ஒரு நொடி நெஞ்சு இளகத்தான் செய்தது. உடனே அதற்கும் சேர்த்துத் தம்பி மேல் ஆத்திரம் வந்தது. பாவி, அம்மாவையும் விட்டுவைக்கவில்லையே.

முன்னறையில் ஜெபத்துக்குப் பாய் விரித்திருந்தது. பீரோ மேல் பிரம்பு இருந்தது.

அந்த வீட்டில் ஜெபத்துக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குச் செய்த தப்பைப் பிள்ளைகள் அவரவர் வாயால் சொல்லிவிட வேண்டும். ஒருவர் மறைத்தால் மற்றவர் சொல்லலாம். பிரம்பு உள்ளங்கையில்தான் விழும். பெனோ மறைப்பான். ஸ்வீட்லின் மறைத்ததே இல்லை. எம் மக வாயில பொய் வராது என்று அப்பா அவள் தலையில் கை வைப்பார். அந்தக் கையின் கனம் இன்றைக்கும் அவள் உச்சியில் இருக்கிறது.

அப்பாவின் மேசைக்கு வந்துவிட்டாள். நாற்காலியில் யாருமில்லை. அவன் சொன்னது உண்மைதான், அப்பா எங்குமே இல்லை. டிராயரைப் பைய இழுத்தாள். பேனா உள்ளே போனது.

“முடிச்சிட்டேன். இதுல என்னல பயம் இருக்கு?”

ராகம் நின்றது.

திரை இருளவில்லை. தானாக மெல்லப் பின்பக்கம் திரும்பியது.

வாசல்நிலையில் ஒரு சிறுமி சாய்ந்து நின்றாள். பத்து வயதிருக்கும். மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, வெள்ளை ரிப்பன், ஜெபத்துக்காக அப்பிய பவுடர். அத்தனை நேரமும் முணுமுணுத்த வாயில் இப்போது சிரிப்பு இருந்தது.

அந்த விளையாட்டிலேயே பேச்சு என்று இருப்பது ஒரே ஒரு வரிதான். அதைச் சிறுமி சொன்னாள்.

“நீயா சொல்லுதியா, இல்ல நான் சொல்லட்டா?”

ஸ்வீட்லின் நாற்காலியோடு திரும்பினாள்.

“அழிக்க மாட்டேன்,” என்றான் பெனோ. “போய்ச் சொல்லு.”

குரலில் நடுக்கம் இல்லை. கை மட்டும் இன்னும் பின்னால்தான் இருந்தது. அவனுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் அவளுக்கு அது தெரிந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் இறுக்கி மூடி வைத்திருந்தான்.